உத்தியோகம் தேடும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உத்தியோகம் தேடும் முறை என்பதாம். கல்வியின் பெருமையைப் பற்றியும் ஒற்றுமையின் அவசியத்தைப் பற்றியும் இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பலர் நல்லுரைகள் நிகழ்த்தி வருகின்றனர். ஆனால் படித்துத் தேறிய பிள்ளை, பட்டத்தைக் கையில் வாங்கிய மறுநாட் காலையில் எழுந்து செய்யத்தக்கது யாது என்பதை எடுத்துரைப்போர் அரியர். ஆதலின் அலங்கார வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, காரியத்திற்கு உதவும் சில செய்திகளை மட்டும் உங்கள் முன் வைக்கக் கருதுகிறோம்.

நம் முன்னோர்க்கு உத்தியோகம் தேடுதல் என்று ஒரு தொழிலே இருந்ததில்லை. வீட்டிலேயே தறி இருந்தது. பிள்ளை தறிக்குழியில் கால் வைத்த நாளே அவனுக்கு வேலை கிடைத்த நாள். அக்காலம் நம் கண்முன்னே மாறிவிட்டது. இந்திய அரசாங்கத்தார் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி, 1995-96இல் நாடு முழுதும் கைத்தறித் தொழிலில் இருந்தோர் ஏறக்குறைய 65 லட்சம் பேர். 2009-10இல் 43 லட்சம் பேர். 2019-20இல் 35 லட்சம் பேர். கால் நூற்றாண்டிற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் தறியை விட்டு இறங்கிவிட்டனர். இறங்கியவர் அனைவரும் வேறு வாயில்களில் நின்று வேலை கேட்க வேண்டியவர்களாயினர். கேட்கும் முறையை அவர்களுக்குக் கற்பிக்கத் தந்தையராற் கூடவில்லை. ஏனெனில் தந்தையர் தம் வாழ்நாளில் ஒருவரிடமும் வேலை கேட்டறியாதவர். நமது சமூகத்துப் பிள்ளைகள் படிப்பில் தாழ்ந்தவரல்லராயினும் வேலை தேடுவதில் இடர்ப்படுவதற்கு முதற்காரணம் இதுவே என்பது நமது கருத்து.

நிற்க. நெசவறிந்த உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. சேலை உருவாவது தறியில் என்று பிறர் நினைப்பர். பாவு திருத்தமாக ஓடி, கஞ்சி சீராக ஏறி, இழைகள் அச்சில் ஒழுங்காகப் பிணைக்கப்பட்டாலன்றித் தறியில் ஒன்றும் நடவாது என்பதை நாம் அறிவோம். பாவு திருந்தாத தறியில் உட்கார்ந்தவனுக்கு நாள் முழுதும் அறுந்த இழையை முடிவதே வேலையாகும். உத்தியோகம் தேடுவதும் அத்தகையதே. விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையே பெரிது.

அம்முன் வேலை யாது? அமெரிக்க நாட்டில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் பாஸ்டன் நகரத்தில் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மறுவருஷம் வெளிவந்த அவருடைய நூல் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறது. ஒருவன் தன் இயல்பையும் திறமையையும் குறைபாடுகளையும் தெளிவாக அறிதல் ஒன்று. தொழில்களின் தன்மை, அவை வேண்டும் தகுதி, தரும் ஊதியம், வளரும் வாய்ப்பு ஆகியவற்றை அறிதல் இரண்டு. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்தல் மூன்று. நம் பிள்ளைகளில் பலர் இம்மூன்றில் ஒன்றையும் செய்யாமல், அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்த படிப்பிற் சேர்ந்து, அவன் எழுதிய பரீட்சையை எழுதி, அவனுக்குக் கிடைத்த வேலை தமக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்துகின்றனர்.

ஆதலின் இளைஞர்களே! ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற் பத்தியில் நீங்கள் செய்து முடித்த காரியங்களை எழுதுங்கள். 'கற்றேன்' என்பதை எழுத வேண்டா; 'செய்தேன்' என்பதையே எழுதுங்கள். கோயில் திருவிழாவிற் கணக்கு வைத்திருந்தால் அதனையும், கூட்டுறவுச் சங்கத்திற்குச் சரக்குக் கொண்டுபோய்க் கணக்குத் தீர்த்திருந்தால் அதனையும் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில், நீங்கள் விரும்பும் வேலைக்கு வேண்டிய தகுதிகளை ஐந்தாறு விளம்பரங்களைப் பார்த்து எழுதுங்கள். மூன்றாம் பத்தியில், இரண்டில் உள்ளதும் ஒன்றில் இல்லாததும் எதுவோ அதனை எழுதுங்கள். அம்மூன்றாம் பத்தியே உங்கள் பாடத்திட்டம். தட்டச்சு இல்லையெனில் தட்டச்சு. கணக்குப்பதிவு மென்பொருள் தெரியாதெனில் அது. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தடையின்றிப் பேச வராதெனில் அதுவே முதற்பாடம்.

இனி, நம் நாட்டில் வேலை தேடியலைந்த இளைஞர் ஒருவருடைய வரலாற்றைக் கூறுவோம். கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் பெயரை அறியாதார் இல்லை. ஆயினும் அவர் குமாஸ்தா வேலைக்காக எத்தனை படிகள் ஏறினார் என்பதைப் பலர் அறியார். அவர் 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் புடவைக் கடையில் கணக்கெழுதியவர். நாம் நெய்யும் துணியின் கணக்கினாலேயே அக்குடும்பம் உண்டது என்று சொல்லலாம். கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் எப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. 1909இல் விவாகமும் நடந்தது. பட்டமில்லை, பணமில்லை, வேலை வேண்டும்.

1910இல் அவர் திருக்கோயிலூருக்குச் சென்று, அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவர் அவரே. ராமாநுஜன் தம் கணக்கு நோட்டுப் புத்தகங்களை அவர் முன் வைத்து ஒரு சிறு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டுகளைக் கண்ட அவர், இத்தகைய அறிவைத் தாலுகா ஆபீசில் அடைத்துவைக்க மனமின்றி, சென்னையிலுள்ளார்க்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியே சேஷு ஐயரையும், அவர் மூலம் நெல்லூர்க் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவையும் ராமாநுஜன் அடைந்தார். ராவ் மாதம் 25 ரூபாய் உதவி வந்தார். நெடுநாள் பிறருக்குப் பாரமாயிருக்க விரும்பாத ராமாநுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக ஆபீசுக்கு விண்ணப்பம் செய்தார். அவ்வாண்டு மார்ச்சு 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அங்கே குமாஸ்தாவாக அமர்ந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கவை நான்கு. முதலாவது, அவர் வெறுங்கையோடு எவரிடமும் செல்லவில்லை. பட்டம் இல்லாவிட்டாலும், தாம் செய்த வேலை நோட்டுப் புத்தக வடிவிற் கையில் இருந்தது. இரண்டாவது, வேலை கிடைத்தது ஒரே மனிதரால் அன்று. ஒருவர் மற்றொருவரிடம் அனுப்ப, அவர் இன்னொருவரிடம் அனுப்ப, சங்கிலிபோல் வந்தது. மூன்றாவது, தம் விண்ணப்பத்தில் அவர் குறையை மறைக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்தும் மேலே செல்ல இயலாது போனதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இவ்வேலையைத் தம்மாற் செவ்வனே செய்ய இயலும் என்பதைச் சொன்னார். மாகாணக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றையும் சேர்த்தனுப்பினார். நான்காவது, சிறுவேலை கிடைத்தவுடன் தேடுதலை நிறுத்திவிடவில்லை. துறைமுகக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவ்வூர்ப் பேராசிரியர் இருவருக்கு எழுதியதிற் பயன் விளையவில்லை. மூன்றாவது கடிதம் பலித்தது. அவ்வாண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். இரண்டு கதவுகள் திறவாமற் போனதைக் கண்டு அவர் திரும்பியிருந்தால் மூன்றாம் கதவு இருப்பதை உலகம் அறிந்திராது.

சங்கிலி என்றோமல்லவா? அதனைச் சிறிது விரித்துரைப்பது நம்போன்ற சங்கங்களுக்கு மிகவும் அவசியம். மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலறிஞர், அமெரிக்காவில் நியூட்டன் என்னும் ஊரில் வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்து 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அறிந்தவர் வாயிலாகவே வேலை பெற்றிருந்தனர். இதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், அச்செய்தி தந்தவர் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்லர் என்பதே. அவ்வாறு வேலை பெற்றவருள் நூற்றுக்கு 17 பேருக்கே அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து செய்தி கிடைத்தது. மற்ற 83 பேருக்கும் எப்பொழுதேனும் சந்திப்பவரும், அரிதாகச் சந்திப்பவருமே உதவியிருந்தனர். 2022இல் லிங்க்டின் என்னும் தளத்தில் 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியும், மிக நெருங்கியவரைவிட ஓரளவு அறிமுகமானவரே வேலை மாற்றத்திற்கு அதிகம் உதவுகின்றனர் என்று கண்டது.

இதன் காரணம் எளிது. ஒரே தெருவிலுள்ள பத்து வீட்டாரும் ஒரே செய்தியையே அறிவர். மாமனுக்குத் தெரிந்தது சித்தப்பனுக்கும் தெரியும். புதிய செய்தி வேறு தெருவிலிருந்துதான் வர வேண்டும். ஆதலின் நமது சமூகத்தாரிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பது, ஒரே கிணற்றிற் பத்துத் தோண்டிகளை விடுவதற்கு ஒப்பாகும். உங்கள் பழைய ஆசிரியர், உடன் படித்து வேறூர் சென்றவர், பயிற்சிக்குச் சென்ற இடத்து மேற்பார்வையாளர், நூல் வியாபாரி, வங்கிக் குமாஸ்தா ஆகிய இவர்கள் எச்சாதியினராயினும் அவர்களிடம் சென்று மரியாதையாகக் கேளுங்கள். 'எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டா. அது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். 'தங்கள் இடத்தில் எவ்வகை வேலைகள் உண்டு? அவற்றிற்கு என்ன கற்க வேண்டும்? இன்னும் யாரைக் கண்டால் விவரம் தெரியும்?' என்று கேளுங்கள். இவற்றிற்கு விடை கூற எவரும் மறுப்பதில்லை.

இவ்விடத்தில் அறிமுகம் வேறு, சிபாரிசு வேறு என்பதையும் தெளிவுபடுத்துவோம். அறிமுகம் கதவைத் திறக்கும். உள்ளே சென்று தகுதியைக் காட்டுவது பிள்ளையின் பொறுப்பு. சிபாரிசோ, தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாற்காலியைக் கேட்கும். நம்மவருள் முதலாளிகளாகவும் அதிகாரிகளாகவும் உள்ளாரை நெருக்கி, தகுதியற்றாரையும் அமர்த்தச் செய்வது அவர்க்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு, சங்கத்தின் பெயருக்கும் கேடு. திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் வேலை கொடுப்பவன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. வேலை தேடுவோன் அவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால், தன்னிடம் எதனைத் தேடுவர் என்பது விளங்கும்.

இனி விண்ணப்பம் எழுதுதலைப் பார்ப்போம். ஏறக்குறைய 1482இல் லியோனார்டோ டா வின்சி என்னும் இத்தாலியப் பேரோவியர் மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை வேண்டி வரைந்த கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. அவர் ஓவியர்; ஆயினும் அக்கடிதத்தில், எளிதிற் சுமக்கக்கூடிய பாலங்கள், கோட்டைகளை முற்றுகையிடும் கருவிகள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என்று போர்க்காலக் காரியங்களையே வரிசைப்படுத்தினார். ஓவியம் தீட்டவும் தெரியும் என்பது கடைசியில் வருகிறது. ஏனெனில் அவ்வரசனுக்கு அப்பொழுது வேண்டியது போர்க்கருவி. தமக்குப் பிரியமானதை முதலில் எழுதாமல், கொடுப்பவருக்கு வேண்டியதை முதலில் எழுதினார். விண்ணப்பக் கலையின் சாரம் இவ்வளவே.

நம் இளைஞரோ பயோடேட்டா ஒன்றைத் தயாரித்து, அதனையே நூறு கம்பெனிகளுக்கு அனுப்புகின்றனர். நூல் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே தாள்! அதனால் ஒருவரும் பதில் எழுதுவதில்லை. விளம்பரத்தை இருமுறை படித்து, அதிற் கேட்ட தகுதிகளுள் உங்களிடம் உள்ளவற்றை மேலே கொண்டுவாருங்கள். புதிதாகப் படித்து வருவோர்க்கு ஒரு பக்கம் போதும். 'நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்' என்பன எல்லாரும் எழுதுவன. அவற்றால் ஒன்றும் விளங்குவதில்லை. 'மூன்று தறிகளின் கூலிக்கணக்கை இரண்டு வருஷம் பிழையின்றி எழுதினேன்' என்றால் உழைப்பும் நேர்மையும் தாமே விளங்கும். பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி, பிறரொருவரைக் கொண்டு படிக்கச் செய்து, பின்பே அனுப்புக.

அனுப்பியவற்றிற்கு ஒரு பேரேடும் வேண்டும். எந்தத் தேதியில், எவருக்கு, எந்த வேலைக்கு, என்ன பதில் என்று நான்கு கட்டம் கோடிட்டு எழுதி வருக. பத்து நாட்களுக்குப் பின் பதில் வராதவற்றிற்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டுக. இருபது விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் அழைப்பு வரவில்லையெனில் குறை தாளிலோ, தேர்ந்த வேலையிலோ இருக்கிறது. அழைப்பு வந்தும் வேலை வரவில்லையெனில் குறை பேச்சிலும் பயிற்சியிலும் இருக்கிறது. பேரேடு இல்லாதவனுக்கு இந்த வேறுபாடு புலப்படாது. எல்லாம் தலைவிதி என்று சோர்ந்து போவான்.

அடுத்து, சர்க்கார் உத்தியோகம். நம் மக்களுக்கு இதன்மீதுள்ள பற்று இயல்பானதே. சென்னை மாகாணத்தில் 1921இல் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை வெளியிட்ட வகுப்புவாரி உத்தரவின் பின்னரே எல்லாச் சமூகத்தார்க்கும் சர்க்கார் வாயில் சிறிது சிறிதாகத் திறந்தது. 1929இல் இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகச் சென்னையில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழிவந்ததே. ஆனால் போட்டியின் அளவை அறிந்து இறங்க வேண்டும். 2024 ஜூன் மாதம் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் ஏறக்குறைய 20 லட்சம். அதாவது ஓரிடத்திற்கு முந்நூற்றுக்கு மேற்பட்டோர். பின்னர் இடங்கள் உயர்த்தப்பட்டன எனினும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

ஆகவே பரீட்சை எழுத வேண்டா என்கிறோமா? அன்று. கெடு வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்கிறோம். இரண்டு வருஷம் என்று வரையறுத்து முழுமனத்தோடு படியுங்கள்; அக்காலத்திலும் அரைநாள் வேலையோ ஒரு தொழிற்பயிற்சியோ கைவிடாதிருங்கள். இருபத்திரண்டு வயதிற் படிக்கத் தொடங்கி முப்பது வயது வரை வீட்டுத் திண்ணையிலேயே இருந்தவர்க்குப் பரீட்சையும் கைகூடாமல், வெளி வேலையும் பழக்கமின்றிப் போவதை நாம் காண்கிறோம். மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீசுகளில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரால் கட்டணமின்றிப் பயிற்சி நடைபெறுகிறது. கடன் வாங்கிப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டுமுன் அங்கே சென்று விசாரியுங்கள். அவ்வாபீசிற் பதிவு செய்தவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்ததே வேலை கிடைத்ததாக எண்ணி உறங்கிவிடவும் கூடாது.

சான்றிதழ்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தகுதி இருந்தும் தாளினால் வாய்ப்பிழந்தோர் பலர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் இருந்தால் சரிபார்க்கும் நாளில் இடர் நேரும். வேலை தேடுமுன்னரே இவற்றை ஒன்றாக்குங்கள். மாநில அரசு வேலைக்குக் காட்டும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குப் போதாது என்பதையும் அறிக. மத்திய அரசின் 27 சதவிகித ஒதுக்கீட்டிற்கு, வளமான பிரிவினர் அல்லர் என்பதைக் காட்டும் தனிச் சான்றிதழ் குறித்த படிவத்தில் வேண்டும். அதற்குரிய ஆண்டு வருமான வரம்பு 2017இல் 8 லட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. தமிழ் வழியிற் படித்தோர்க்கு மாநில அரசு நேரடி நியமனங்களில் 20 சதவிகித முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் ஏற்பட்டது. 2020இல் திருத்தம் செய்யப்பட்ட பின், பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியிற் பயின்றதற்குச் சான்று வேண்டும். படித்த பள்ளிகளில் இச்சான்றுகளை முன்கூட்டியே பெற்று வைப்பது விவேகம்.

நேர்முகப் பரீட்சையைப் பற்றிப் பலரும் உடையையே பெரிதாகப் பேசுவர். சுத்தமான உடையும் குறித்த நேரத்திற்கு முன் செல்வதும் போதும். கம்பெனி யாது செய்கிறது, எங்கே விற்கிறது என்பதை அறிந்து செல்வதே முக்கியம். 'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' என்று சொல்லாதீர்கள். அது பணிவுபோல் தோன்றினும், 'எனக்கு எது வருமென்று எனக்கே தெரியாது' என்றே கேட்போர் காதில் விழும். தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

இவ்விடத்தில் மனம் நொந்து ஒன்று கூற வேண்டியிருக்கிறது. தந்தையார் தொழில் யாது என்று கேட்டால் நம் பிள்ளைகள் சிலர் 'ஜவுளி வியாபாரம்' என்று மழுப்புகின்றனர். நெசவு என்று சொல்ல நாணுவானேன்? 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடையானால் அது நாற்பதாம் நம்பர் நூல் என்று எழுத்தறியாத நம் பாட்டிமார் வாய்க்கணக்காகச் சொல்வர். அக்கணக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எண்ணறிவில்லை என்று எவர் கூறுவர்? ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 1804இல் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பூவேலை நெய்தது. அவ்வட்டைகளைக் கண்டே சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்திற்கும் அட்டைகளைப் பயன்படுத்தக் கருதினார். இன்று கம்ப்யூட்டர் கம்பெனியின் வாயிலில் நிற்கும் நம் பிள்ளை, தன் வீட்டுத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அக்கம்ப்யூட்டரின் மூதாதையருள் ஒன்று என்பதை அறிந்து தலைநிமிர்ந்து பேசலாம். தந்தையின் தொழிலை மறைப்பவன் பேச்சில் ஓர் அச்சம் தங்கும். சொல்பவன் பேச்சில் அது தங்காது.

இனி மோசடி. வேலை தருகிறோம் என்று பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். இதனை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். தறியை விற்றும் தாலிச் செயினை அடகு வைத்தும் தரகரிடம் கொடுத்துவிட்டு, சொல்லவும் மாட்டாமல் மெல்லவும் மாட்டாமல் இருக்கும் குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. பணம் கொடுத்துப் பெற்றாலும் அது நிலைப்பதில்லை. 2019 செப்டம்பரில் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சையில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு செய்த 99 பேருக்கு, இனி வாழ்நாள் முழுதும் தேர்வாணையப் பரீட்சை எழுதக் கூடாது என்று 2020 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது. பணமும் போயிற்று, பெயரும் போயிற்று, எதிர்காலமும் போயிற்று.

வெளிநாட்டு வேலையில் இதனினும் கொடியது நேர்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர் பலர் 2022இல் மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். பின்னர் அரசாங்கத்தார் மீட்டு வந்தனர். வெளிநாட்டிற்கு ஆளெடுக்கும் ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978இல் அயல்நாட்டு வேலைக்கென ஒரு மனிதவள நிறுவனம் ஏற்படுத்தியுள்ளது. முதலில் அங்கே விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவர் எவராயினும், உறவினரேயாயினும், செல்லாதீர்கள். இணைய வழியிற் பணம் இழந்தால் நாணங்கருதி மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவியுங்கள்.

தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் ஒரு வேண்டுகோள். பெண்மக்களைப் பட்டம் வரை படிக்கவைத்துவிட்டு, வேறூரில் வேலை என்றவுடன் அழைப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பாவு ஓடுவதிலும் நூல் சுற்றுவதிலும் பெண்கள் இல்லாமல் ஒரு நாளாவது நம் தறி நடந்ததுண்டா? வீட்டிற்குள் வேண்டிய கை வெளியில் வேண்டாததாகுமா? தங்குமிடமே கவலையெனில், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகள் பல நகரங்களில் உள்ளன. நேரிற் சென்று பார்த்து, பிறகு தீர்மானியுங்கள், பாராமலே மறுக்காதீர்கள்.

பிள்ளை வேலை தேடும் மாதங்களில் வீட்டார் நடந்துகொள்ளும் முறையும் முக்கியம். 'இன்னும் கிடைக்கவில்லையா?' என்று ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் பத்துப் பேர் கேட்டால் அப்பிள்ளை விசேஷத்திற்கே வாரான். வாராதபோது அறிமுகமும் குறையும், செய்தியும் குறையும். அதற்குப் பதிலாக, 'எவ்வகை வேலை தேடுகிறாய்? யாரைக் காண வேண்டும்?' என்று கேளுங்கள். முந்திய கேள்வி சுமையாகும்; பிந்திய கேள்வி உதவியாகும்.

கடைசியாக, நமது சங்கம் செய்யத்தக்கவை சில. வேறூர்களிலும் வெவ்வேறு தொழில்களிலும் உள்ள நம் அங்கத்தினரின் ஜாபிதா ஒன்றை அவர்கள் சம்மதத்துடன் தயாரித்து, இளைஞர் கடிதம் எழுதி விவரம் கேட்க உதவலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதிகாரிகளும் அமர்ந்து, நேர்முகப் பரீட்சை போலவே இளைஞர்களைக் கேள்வி கேட்டுத் திருத்தலாம். ஏழைப் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்திற்கும் பிரயாணச் செலவிற்கும் சிறு நிதி ஒதுக்கலாம். தரகரிடம் பணம் கொடுக்குமுன் சங்கத்தில் விசாரிப்பது என்ற வழக்கத்தை ஏற்படுத்தலாம். இப்பயிற்சி நடக்கும் பெஞ்சியில், நம் தெருவிலுள்ள பிற சமூகத்துப் பிள்ளைகளும் உட்காரலாம் என்று வாயிலைத் திறந்து வைக்க வேண்டும். அவர்கள் வருவதால் நமக்கு இடம் குறையாது. நாம் அறியாத செய்திகள் அவர்களோடு உள்ளே வரும்.

மண்டபங்கட்டுவதும் விருந்து நடத்துவதும் சங்கத்திற்கு அழகுதான். ஆயினும் வேலையற்றிருந்த பிள்ளை ஒருவன் தன் முதல் சம்பளத்தில் தாய்க்கு ஒரு சேலை வாங்கி வரும் நாளே சங்கத்திற்குத் திருநாள். அத்தகைய நாட்கள் இவ்வாண்டில் நம் வீடுகள்தோறும் வருமாறு நாம் எல்லாரும் முயல்வோமாக.